மன்னார்ல எண்ணெய் இருக்காமே, புள்ள?

2022 ஜூன் கடைசி. பேராதனைப் பக்கம் ஒரு பெற்றோல் செட். வரிசை மெயின் ரோட்டில் இருந்து வளைந்து, ஒரு பள்ளிக்கூட மதிலைத் தாண்டி, கடைகளைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அப்பாவின் ஓட்டோவும் நின்றது. இரண்டாவது நாள். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலையும் ஒரு போத்தல் பிளேன்டீயையும் எடுத்துக்கொண்டு கலஹாவில் இருந்து கிடைத்த ஒரே பஸ்சில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

முந்தின டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. அந்த வாரம் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை. போனால் இடம் போய்விடும்.

அப்பாவோடு ஒரே ஸ்டேன்டில் ஓடுகிற மாமா ஒருவர்தான் கேட்டார். "ஏன் புள்ள, நீ கெம்பஸ்ல கல்லுதானே படிக்கிற? மன்னார்ல எண்ணெய் இருக்காமே. வாட்ஸ்அப்புல வந்துச்சு. எடுத்தா நாட்டுக் கடன் பூரா கட்டிப்புடலாமாம். நெசமா?"

சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவும் நிமிர்ந்தார். நான் படிக்கிற படிப்பைப் பற்றி ஒருவர் கேட்டு, அதற்கு நான் பதில் சொல்லப்போவதை அப்பா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஆமா மாமா. 2011லயே கண்டுபிடிச்சாச்சு. எடுக்கிறதுதான் பாக்கி. ஒரு அஞ்சு வருசத்துல வந்துரும்" என்றேன்.

நான் சொன்னதில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, பெரிய விசயத்தை மறைத்த வசனம். மூன்றாவது என் சொந்தக் கற்பனை. அப்போது நான் மூன்றாம் வருடம். அடையற் பாறைகள் பற்றிய பாடமே சரியாகத் தொடங்கியிருக்கவில்லை. ஆனால் அந்த முகங்களுக்கு முன்னால் "தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் திருத்துவதற்காக எழுதுவது. கொஞ்சம் பிந்திவிட்டது.

நான் படித்தது புவிச்சரிதவியல். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் புவியியல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "ஜியோக்ரபி டீச்சரா வரலாம்" என்று அத்தை இன்னமும் சொல்வார். பேராதனையில் எங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. முதல் வருடம் முழுவதும் பார்த்தது கண்டியைச் சுற்றி இருக்கிற கல்லைத்தான். ஹந்தானையில் ஏறுவோம், ரோடு வெட்டின இடத்தில் நிற்போம், சுத்தியலால் தட்டுவோம். நாங்கள் சும்மா கருங்கல் என்று சொல்கிற கல், கிட்டப்போய்ப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். நைஸ் என்று பெயர். சில இடங்களில் மாதுளை முத்து மாதிரி சிவப்புக் கார்னட் மணிகள் பதிந்திருக்கும்.

இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இப்படியான பழைய உருமாறிய பாறைதான். மிச்சம் கிட்டத்தட்ட ஒரு பங்குதான் அடையற் பாறை. அதுவும் யாழ்ப்பாணத்தில் இருந்து மன்னார், புத்தளம் வரைக்கும் கடற்கரையை ஒட்டிப் போகிறது. பெற்றோலியம் தேடுகிறவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு பங்கும், அது கடலுக்கு அடியில் தொடர்கிற பகுதியும்தான். ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மணல், சேறு, சிப்பி எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் அடையற் பாறை. எண்ணெய் என்பதே செத்துப்போன நுண்ணுயிர்களும் பாசிகளும் அந்தச் சேற்றோடு புதைந்து, சூட்டில் மாறி வருவது. அதனால் சேறு இல்லாத இடத்தில் எண்ணெய் இல்லை.

அப்படியென்றால் கண்டியில் சேறே இருக்கவில்லையா என்று கேட்டால், இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு நல்ல ஞாபகம். திகன பக்கம் ஒரு கல் உடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளை வெளேரென்று கல். சலவைக்கல். எங்கள் விரிவுரையாளர் அதில் ஒரு துளி ஐதான அமிலம் விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கத்தியால் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளில் விட்டார். மெதுவாக நுரைத்தது. "டொலமைட். இது ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்பு" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். நாலா பக்கமும் மலை. கடல் என்றால் ஒரு முழுநாள் பஸ் பயணம் என்று வளர்ந்தவள் நான்.

அந்தக் கல்லுக்குள் சின்னச் சின்ன மினுக்கம். கறுப்பு. விரலால் தேய்த்தால் பென்சிலைத் தொட்ட மாதிரி ஒட்டியது. காரீயம். கடலடியில் புதைந்த உயிர்களின் கரி கடைசியில் போய்ச் சேர்கிற வடிவங்களில் அதுவும் ஒன்று. கண்டியைச் சுற்றியுள்ள பாறைகளில் ஒரு பெரும் பகுதி முதலில் கடலடி மணலாக, களியாக, சுண்ணாம்பாகக் கிடந்ததுதான். பிறகு ஏறத்தாழ 55–60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவானாக் கண்டத்துண்டுகள் மோதி ஒட்டியபோது, அவை 20 கிலோமீற்றருக்கும் கீழே புதைந்து 800 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் வெந்து உருமாறின. அந்தச் சூட்டில் எண்ணெயும் மிஞ்சாது, வாயுவும் மிஞ்சாது. கரி மட்டும் காரீயமாக மிஞ்சும்.

இந்தச் சலவைக்கல்லையும் காரீயத்தையும் பற்றி நவீன முறையில் முதலில் எழுதியவர்களில் ஒருவர் எங்கள் ஆள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனந்த குமாரசுவாமி. நடராசர் சிலையையும் கண்டிய ஓவியங்களையும் உலகத்துக்கு விளக்கியவர் என்றுதான் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் தொடங்கியது கல்லில். 1900இல் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி இலண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். இரண்டு வருடம் கழித்து இலங்கையின் பளிங்குச் சுண்ணாம்புக்கல் பற்றி எழுதினார். 1903 முதல் 1906 வரை இங்கே கனியவள அளவைத் திணைக்களத்தின் முதலாவது பணிப்பாளர். கல் தேடி ஊர் ஊராக அலைந்தபோதுதான் கிராமத்துக் கைவினைஞர்களைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் போய்விட்டார். அவருடைய புத்தகம் தெரிந்த எத்தனையோ பேருக்கு அவருடைய கல் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

அப்பா ஓட்டோ வாங்குவதற்கு முன்னர் பதினொரு வருடம் தோட்டத்து ஸ்டோரில், தேயிலை காயவைக்கிற ட்ரையர் பக்கம் வேலை செய்தவர். அதனால் அவருக்கு இதை விளங்கப்படுத்துவது ஒருவிதத்தில் லேசு. கொழுந்துக்குச் சூடு போதாவிட்டால் தூள் பச்சை வாசம் அடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். கூடினால் கருகிப்போகும். இடையில் ஒரு அளவு இருக்கிறது. சேற்றுக்குள் புதைந்த உயிர்ப்பொருளுக்கும் அப்படி ஒரு அளவு உண்டு. கிட்டத்தட்ட 60 பாகையில் இருந்து 150 பாகை வரைக்கும் எண்ணெய். அதற்கு மேலே போனால் எண்ணெய் உடைந்து வாயுவாகும். இன்னும் மேலே போனால் அதுவும் முடிந்தது. நிலத்துக்குக் கீழே போகப் போக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சூடு 25, 30 பாகை கூடும். ஆகவே பொதுவாக இரண்டு மூன்று கிலோமீற்றர் கீழே புதைந்த களிதான் எண்ணெய்க்குச் சரியான பக்குவத்தில் இருக்கும். இந்தத் துறைக்காரர்களே அப்படிப் பக்குவம் வந்த இடத்தைக் 'கிச்சன்' என்றுதான் சொல்கிறார்கள். சும்மா உவமைக்காக நான் சொல்லவில்லை, பாடப்புத்தகத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது.

அந்தக் கணக்கில் பார்த்தால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் இன்னும் பச்சை. கண்டி எப்போதோ கருகிப்போனது.

பக்குவம் மட்டும் போதாது. எண்ணெய் வெளிவரும் களிப்பாறை ஒன்று வேண்டும். வந்த எண்ணெய் தங்குவதற்குத் துளைகள் உள்ள மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ வேண்டும். எண்ணெய் என்றதும் நிலத்துக்குக் கீழே ஒரு குளம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நல்ல மணற்கல் ஒன்றை எடுத்தால் அதில் நூற்றுக்கு 20, 25 பங்கு வெற்றிடம் இருக்கும். எண்ணெய் அந்த மணல் இடுக்குகளுக்குள் தண்ணீரோடு சேர்ந்து ஊறிக் கிடக்கும். பிறகு, மேலே போய்விடாமல் தடுக்க ஒரு இறுக்கமான மூடிப்பாறை வேண்டும். இவை எல்லாம் ஒரு கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்தோ பிளவுபட்டோ பொறியாக இருக்க வேண்டும். கடைசியாக, பொறி முதலில் உருவாகி எண்ணெய் பிறகு வர வேண்டும். எண்ணெய் முதலில் வந்துவிட்டால் தங்க இடமில்லாமல் கடலுக்குள்ளேயே கசிந்து போய்விடும். ஐந்தில் ஒன்று பிழைத்தாலும் கிணறு வறண்ட கிணறு.

இதை எல்லாம் கல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிணறு தோண்டும்போது சில மீற்றருக்கு ஒரு தடவை, துளைக்குள் விட்ட சேற்றுத் திரவத்தோடு மேலே வருகிற பாறைத் துகள்களை எடுத்துக் கழுவிப் பார்ப்பார்கள். பருப்பளவுத் துண்டுகள். அதில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கடலுயிர் ஓடுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து எந்தக் காலத்துப் பாறை என்று சொல்வார்கள். ஒரு சிட்டிகை தூளை ஒட்சிசன் இல்லாமல் படிப்படியாகச் சூடாக்கி, எவ்வளவு ஐதரோகாபன் வெளியே வருகிறது, எந்தச் சூட்டில் கூட வருகிறது என்று அளப்பார்கள். நூறு கிராம் களிப்பாறையில் ஒரு கிராம் சேதனக் காபன் இருந்தாலே நல்ல பாறை என்று சந்தோசப்படுகிற துறை இது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மகரந்தப் பரிசோதனை. பழைய மகரந்தமும் வித்திகளும் பாறைக்குள் அப்படியே இருக்கும். சூடு படாதது வெளிர் மஞ்சள். எண்ணெய்ப் பக்குவம் வந்தது செம்மஞ்சள், பிறகு மண்ணிறம். கடந்துபோனது கறுப்பு. நிறத்தைப் பார்த்துப் பக்குவம் சொல்வது. தேத்தண்ணி ருசி பார்க்கிறவர் ஒரு வரிசைக் கோப்பைகளுக்கு முன்னால் நிற்கிற மாதிரிதான் இருந்தது எனக்கு.

கெம்பஸ் திரும்பத் திறந்த பிறகு புத்தளம் பக்கம் கள ஆய்வுக்குப் போனோம். அருவாக்காட்டில் சிமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பெரிய குழி. மேலே செம்மண், கீழே மஞ்சள் பூத்த வெள்ளைக் கல், முழுக்கச் சிப்பி. மயோசீன் காலம், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு. அடுக்குகள் படுத்த படுக்கையில் நேராகக் கிடந்தன. முறுகி மடிந்து நிமிர்ந்து நிற்கிற கண்டிப் பாறையையே பார்த்துப் பழகின எங்களுக்கு அது யாரோ கொப்பியை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. கீழே பழையது, மேலே புதியது. வாசிக்கலாம். தப்போவையில் இன்னும் பழைய அடுக்குகள், ஜுராசிக் காலத்தவை. ஒரு களிக்கல் துண்டை உடைத்தால் உள்ளே இலைத் தடம். கொண்டுவானா உடையத் தொடங்கின காலத்து இலை. இந்தியாவும் இலங்கையும் அப்போது பிளந்து இறங்கின பள்ளம்தான் பிறகு மன்னார்ப் படுகை ஆனது.

அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு பக்கத்து நிலமும் கரைந்து ஆறுகளால் வந்து விழுந்தது. பேராதனைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்த்தால் இன்றைக்கும் அதே வேலைதான் நடக்கிறது, மணல் போகிறது. இப்போது அந்த ஆறு திருகோணமலைப் பக்கம் போகிறது, இடையில் அணைக்கட்டுகள் மறிக்கின்றன. ஆனால் மலை கரைந்து மணலாகி, மணல் கடலடியில் கல்லாவதுதான் முறை. மணற்கல்லில் உள்ள கார்னட், சேர்க்கோன் மாதிரியான பாரமான கனிமங்களைப் பிரித்து எந்த மலையில் இருந்து அந்த மணல் வந்தது என்று தேடுவது அடையற் பாறை ஆய்வில் ஒரு தனி வேலை. எங்கள் சிவப்பு மணி கார்னட்டுக்கு அங்கே ஒரு பெறுமதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இனி, வரிசையில் அந்த மாமா கேட்ட கேள்வி.

மன்னாரில் தேடல் இன்று நேற்றுத் தொடங்கினது இல்லை. 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று மன்னாரில் நில அதிர்வு அளவை செய்தது. 1974இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவில் பேசாலையில் தோண்டத் தொடங்கியது. 1976இல் மரதன் என்ற அமெரிக்க நிறுவனம் பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவுப் பக்கமும் தோண்டியது. 1981இல் இன்னொரு அமெரிக்க நிறுவனம் 'பேர்ல்', 'பெட்ரோ' என்று இரண்டு கிணறுகள். எதிலும் எடுத்து விற்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு யுத்தம். 2001இல்தான் நோர்வே நிறுவனம் ஒன்று மறுபடி கடலில் ஒலியலை விட்டு மன்னார்ப் படுகையின் படம் எடுத்தது. 2003இல் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது. 2008இல் கெயான் நிறுவனத்துக்கு மன்னாரில் ஒரு தொகுதி கிடைத்தது.

2011இல் அவர்கள் கொண்டுவந்த கப்பலின் பெயர் 'சிக்யூ'. ஜப்பானின் ஆழ்கடல் ஆய்வுக் கப்பல். அந்த வருடம் மார்ச்சில் சுனாமி வந்தபோது அது ஹச்சினோஹே துறைமுகத்தில், பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்றது. பிள்ளைகள் தப்பினார்கள், கப்பலுக்குச் சேதம். சில மாதம் கழித்து அதே கப்பல் மன்னார்க் கடலில். 'டொராடோ' கிணற்றில் கடல் மட்டும் 1,354 மீற்றர் ஆழம். 3,000 மீற்றர் தாண்டி ஒரு மணற்கல்லில் 25 மீற்றர் தடிமனுக்கு வாயு. அடுத்த 'பரக்குடா' கிணறு 4 கிலோமீற்றருக்கும் கீழே போனது, வழியில் எரிமலைப் பாறையைத் துளைத்து. அதிலும் வாயு. மூன்றாவது கிணறு வறண்டது. 2013இல் தோண்டின நான்காவதும் கைகொடுக்கவில்லை.

ஆக, "கண்டுபிடிச்சாச்சு" என்று நான் சொன்னது சரி. ஆனால் கண்டுபிடித்தது வாயு. அதை அப்பாவின் ஓட்டோ டாங்கியில் ஊற்ற முடியாது. மின்நிலையத்துக்கு வேண்டுமானால் பயன்படும். ஒன்றரைக் கிலோமீற்றர் தண்ணீருக்குக் கீழே இருந்து எடுத்து, குழாய் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, வாங்குவதற்கு ஆலைகளும் தயாராக இருந்தால்தான் கணக்குச் சரிவரும். 2014 நடுப்பகுதியில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் 110 டொலருக்கு மேல் போனது, 2015 ஜனவரியில் 50 டொலருக்கும் கீழே விழுந்தது. அந்த வருடமே கெயான் தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. வாயு இன்னும் அங்கேயே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் காவிரிப் படுகையில் இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. 1960களில் இருந்தே தோண்டியது. 1980களில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது, அங்கே சின்னச் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அதே படுகைதான் கடலுக்கு அடியால் இங்கேயும் நீள்கிறது. அதைக் காட்டித்தான் "அங்க இருந்தா இங்கயும் இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் களி பக்குவப்பட்ட விதமும் மணல் விழுந்த இடமும் பொறி மூடின காலமும் பத்துக் கிலோமீற்றருக்குள்ளேயே மாறும். அதே காவிரிப் பக்கத்தில்தான் 2017இல் நெடுவாசலில் விவசாயிகள் ஐதரோகாபன் திட்டம் வேண்டாம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள் என்பதையும் யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. என் பட்ச்சில் மன்னாரைச் சேர்ந்த ஒரு தோழி இருந்தாள். வகுப்பில் நாங்கள் மன்னார்ப் படுகை வரைபடத்தில் தொகுதி தொகுதியாகக் கோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, "அப்பா வலை போடுற இடத்துக்கும் நம்பர் குடுத்து வச்சிருக்கினம், எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல" என்றாள். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்பாவின் கதையை முடிக்க வேண்டும். அந்த வரிசையில் நின்ற மாதம் கம்பளையில் இருந்து ஒருவர் ஓட்டோவைக் கேட்டார். லீசிங் மிச்சத்தைக் கட்டினாலும் கையில் கொஞ்சம் மிஞ்சுகிற விலை. அப்பா கொடுக்கவில்லை. ஜூலையில் கியூஆர் வந்தது, ஓட்டோவுக்கு வாரம் ஐந்து லீற்றர். ஐந்து லீற்றரில் லீசிங் கட்ட முடியாது. அடுத்த வருடம் ஓட்டோவை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா விற்காமல் விட்டதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் அது பெரிய பேச்சு. அவருக்கு வேறு நூறு காரணம் இருந்திருக்கும். ஆனால் அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "நம்ம நாட்டு எண்ணெயே வரப்போகுதாம். புள்ள படிச்சிட்டு சொல்லுது. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

இறுதி வருடம் முடிந்து வீட்டுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரையர் கதையில் தொடங்கி, மணற்கல், மூடி, டொராடோ, 110 டொலர் 50 டொலர் வரைக்கும். அப்பா இடையில் பேசவில்லை. ட்ரையர் வந்த இடத்தில் மட்டும் தலையாட்டினார்.

முடிந்ததும் கேட்டார். "மொத்தமா எத்தன கெணறு தோண்டியிருக்காங்க?"

"இவ்வளவு வருசத்துல ஒரு டசன்கூட இல்லப்பா."

"நம்ம டிவிசன்ல குடிதண்ணிக்கே அத்தன எடத்துல தோண்டிப் பாத்தாங்க." சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, "அப்ப அன்னைக்கி உனக்குத் தெரியாது?"

"தெரியாதுப்பா."

"தெரியாதுன்னே சொல்லியிருக்கலாமே புள்ள. அம்புட்டுப் பேரும் அங்க தெரியாமத்தானே நின்னோம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் படிப்பில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பாறையைப் பார்க்காமல் எழுதக் கூடாது. பார்த்த பிறகும் எது பார்த்தது, எது ஊகித்தது என்று பிரித்து எழுத வேண்டும். களக் கொப்பியில் அவதானிப்பு ஒரு பக்கம், விளக்கம் மறுபக்கம். முதலாம் வருடத்தில் அதற்காகவே எனக்குப் புள்ளி வெட்டியிருக்கிறார்கள். பெற்றோல் வரிசையில் நின்றபோது அந்தக் கோட்டை நானே அழித்துவிட்டேன்.

இப்போது அப்பா வேறொருவரின் வேனை ஓட்டுகிறார். போன மாதம் அந்த மாமாவை டவுனில் சந்தித்தாராம். அவர் மறுபடி மன்னாரைப் பற்றி ஏதோ வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டியிருக்கிறார்.

"நீங்க என்னாப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வாயு இருக்காம், எண்ணெய் கெடைக்கலயாம், எடுத்தா கட்டுமானு இன்னும் பாக்கணுமாம்னு சொன்னேன்" என்றார். "எங்க புள்ள சொல்லுச்சுன்னும் சொன்னேன்."